ஆமையின் கையில் அணிலின் காப்பு

காப்புக்கு மூன்று நிறங்கள்தான் தெரியும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. நாடித்துடிப்பையும் தோலின் சூட்டையும் அது ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். ஆனால் கட்டியிருப்பவளுக்கு ஓர் எண்ணைக்கூடக் காட்டாது. எண்ணைப் பார்த்தால் பெண்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று நாங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே நல அலுவலர் சொன்னார். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதி வைக்காவிட்டால் ஒரு விஷயம் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது.

ஓசூருக்கு வெளியே, பேட்டரி செல் செய்யும் தொழிற்சாலை. அதன் விடுதியில் நானூறு பெண்கள், ஆளுக்கொரு காப்பு. தொடர்ந்து மூன்று நாள் மஞ்சள் எரிந்தால் வீட்டு எண்ணுக்குச் செய்தி போகும். சிவப்பு எரிந்தால் அந்த நிமிடமே, கம்பெனிக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் போகும். பெற்றவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. என் அம்மா நிஜமாகவே நிம்மதியாகத்தான் இருக்கிறாள்.

காப்பு எல்லோரையும் ஒரே கோலால் அளப்பதில்லை. சேர்ந்த முதல் இரவு எங்களைத் தூங்கவைத்து, அவரவர் நாடி எப்படி ஓடுகிறது என்று அதற்குப் பழக்கினார்கள். காலையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். என் சீட்டில் எண்பது என்று இருந்தது. பக்கத்துக் கட்டில்காரி பெனிட்டாவின் சீட்டில் ஐம்பத்தாறு. அவள் தூத்துக்குடி. பள்ளி நாட்களில் மாவட்ட அளவில் ஐயாயிரம் மீட்டர் ஓடியவள். என்னைவிட மூன்று வயது பெரியவள். என் சீட்டை வாங்கிப் பார்த்து, "ஏட்டி, உன் நெஞ்சுக்குள்ள அணில் இருக்கு," என்றாள். "எனக்கு ஆமை. மெதுவாப் போவும், ரொம்ப தூரம் போவும்."

அன்றிலிருந்து நான் அணில். அவள் எனக்குப் பெனிக்கா.

காப்பு மாற்றிக்கொள்வது எங்கள் விடுதியின் பழைய வழக்கம். குளிப்பதற்காக மாலை ஏழு மணி முதல் ஏழு இருபது வரை பூட்டு தானாகத் தளரும். மாதவிலக்கின் முதல் நாள் வலியில் சிலருக்கு மஞ்சள் எரியும். மஞ்சள் எரிந்தவளை உற்பத்தி வரிசையிலிருந்து எடுத்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். மூன்று நாள் நீடித்தால் வீட்டுக்கும் செய்தி. அதனால் ஒருத்தியின் மஞ்சளை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். இரண்டு நாள் உன் காப்பில், ஒரு நாள் என் காப்பில். ஹேர்பின் கடன் கேட்பதுபோல, "இன்னைக்கு என்னோடதை நீ கட்டிக்கடி" என்று கேட்பார்கள். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் பிடிபட்டதில்லை என்பதும் தெரியும்.

நான் வாரத்தில் மூன்று மாலை பாலிடெக்னிக்கில் தரக் கட்டுப்பாடு படிக்கிறேன். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது பெனிக்கா வாசலில் நின்றாள். கையில் இரண்டு பன். இதற்கு முன் அவள் அங்கே வந்ததில்லை.

"அமுதினி," என்றாள். முழுப் பெயர் சொன்னால் ஏதோ பெரிய விஷயம். "எனக்கு ஏழு வாரம் ஆச்சு."

"எதுக்குக்கா ஏழு வாரம்?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பன்னைப் பிய்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"வச்சுக்கப் போறதில்ல. முடிவு பண்ணிட்டேன். உங்கிட்ட யோசனை கேக்கல, துணைக்கு வருவியான்னு கேக்கேன்."

"வரேங்க்கா. அவரு?"

"அவன் நல்லவன்தான். ஆனா பயந்தவன். இப்ப எனக்குப் பயந்தவன் ஆவாது."

"நானும் பயந்தவதானே."

"நீ எழுதிக்கிட்டே பயப்படுவ. அது வேற ரகம்."

அவள் பயம் ஒன்றே ஒன்று. அவள் காப்பின் வீட்டு எண் அண்ணன் கிளாட்வினுடையது. வீட்டு ஆளின் எண்ணைத்தான் கம்பெனி ஏற்கும், அவளுக்கு அவர் ஒருவர்தான். மஞ்சள் மூன்று நாள் நீடித்தால் அவர் முதல் பஸ் பிடித்து வந்து கேட்பார், கேட்டதும் அவளை ஊருக்கு அழைத்துப்போவார். அதன்பின் ஓசூர் இல்லை, வேலை இல்லை, அவள் இஷ்டம் என்று எதுவும் இல்லை. எத்தனையோ பேருக்கு இப்படி நடந்து நாங்கள் பார்த்திருக்கிறோம். காலியான கட்டிலில் அடுத்த வாரம் வேறொருத்தி படுத்திருப்பாள்.

திங்கட்கிழமை அரசு மகப்பேறு நிலையத்துக்குப் போனோம். ஹபீபா சிஸ்டர் என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். பெனிக்காவை உட்காரவைத்து, "இது உன் உரிமைம்மா. உன் கையெழுத்து போதும். இங்கேருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது," என்றார். பிறகு எங்கள் மணிக்கட்டுகளைப் பார்த்தார்.

"அது பேசும்," என்றார்.

"தெரியும் சிஸ்டர்."

"அது உங்க கம்பெனிக்கு. இந்தத் தாள் உனக்கு." ஒரு மஞ்சள் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் ஏற்கெனவே நோட்டைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். "எழுதுறியா? எழுதிக்கோ. இன்னைக்கு ஒரு மாத்திரை. நாளன்னைக்கு நாலு மாத்திரை. அதுக்கப்புறம் வலி வரும், ரத்தம் போகும், அது நடக்கவேண்டியது. அந்த ஒரு நாள் குளிரும், வாந்தி வரும், வயித்தாலும் போகலாம். பயப்படாதே."

"எதுக்குப் பயப்படணும் சிஸ்டர்?"

"நல்ல கேள்வி. பெரிய நாப்கின் ஒரு மணி நேரத்துல ரெண்டு முழுசா நனைஞ்சு, அடுத்த ஒரு மணியும் அப்படியே போனா உடனே வரணும். மாத்திரைக்கு அடங்காத வலி. கெட்ட வாடை. நூறு புள்ளி நாலுக்கு மேல காய்ச்சல். மயக்கம். இதுல எது வந்தாலும் வரணும். ஒண்ணு மட்டும் எல்லாரும் விட்டுருவாங்க, கேளு. நாலு மாத்திரை போட்டு ஒரு நாள் தாண்டியும் வாந்தியோ வயித்தாலையோ சோர்வோ இருந்தா, காய்ச்சல் இல்லேன்னாலும் வரணும். காய்ச்சல் இல்லையேன்னு உக்காந்திருக்கக்கூடாது."

எல்லாவற்றையும் எழுதினேன். அடிக்கோடும் இட்டேன்.

செவ்வாய் மாலை ஏழு மணிக்குக் குளியலறையில் காப்புகளை மாற்றிக்கொண்டோம். அவளுடையது என் கையில், என்னுடையது அவள் கையில். அவள் உடம்பு படப்போகும் பாட்டுக்கு என் காப்பில் எப்படியும் மஞ்சள் எரியும், என் அம்மாவுக்குச் செய்தி போகும், நான் 'விஷக் காய்ச்சல்' என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யைக்கூட நோட்டில் எழுதிப் பார்த்துவைத்திருந்தேன்.

நாங்கள் எதிர்பாராதது வேறு. அவள் காப்பு என் கையில் ஏறிய இரண்டாவது நிமிடத்தில் மஞ்சள் காட்டியது.

"ஏட்டி, உன் அணிலை அடக்கு," என்று பெனிக்கா காதருகில் சொன்னாள். "அது எனக்குப் படபடன்னு அடிக்குதுன்னு நெனைக்கி."

நான் சுவரோரம் உட்கார்ந்து மூச்சை மெதுவாக விட்டேன். பச்சை திரும்பியது. அன்று முதல் நான் ஆமையாக வாழ்ந்தேன். டீ குடிக்கவில்லை. மாடிப்படியில் படிக்கு ஒரு தரம் நின்றேன். பஸ்ஸுக்கு ஓடவில்லை, இரண்டு பஸ்ஸை விட்டேன். கேன்டீனில் யாரோ கரப்பான் பூச்சியைக் காட்டிக் கத்தியபோது கண்ணை மூடிக்கொண்டேன். "கல்யாணப் பொண்ணு மாதிரி நடக்குறா பாரு," என்று வரிசையில் கேலி செய்தார்கள். அறைக்கு வந்து நான் சொன்னதும் பெனிக்கா படுத்தபடியே சிரித்தாள். நான் அவளாக இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் பிடித்திருந்தது.

புதன்கிழமை மாலை நாலு மாத்திரையும் ஆயிற்று. வலி வந்தது, ரத்தம் போனது, குளிரில் நடுங்கினாள். என் இரண்டு போர்வைகளையும் போர்த்திவிட்டு நோட்டில் கட்டம் போட்டேன். நேரம், நாப்கின், வலி மாத்திரை, சாப்பாடு, நிறம் என்று ஐந்து கட்டங்கள். தாளில் இருந்த எல்லைக்குள்தான் எல்லாம் இருந்தது. வியாழன் காலை ரத்தம் குறைந்தது. வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். என் காப்பு அவள் கையில் ஒருமுறைகூட மஞ்சள் காட்டவில்லை.

"பாத்தியா, ஆமைக்கு ஒண்ணும் ஆவாது," என்றாள்.

அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். நிறம் என்ற கட்டத்தில் பச்சை, பச்சை, பச்சை என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை அவளுக்கு இரண்டு முறை வயிற்றால் போனது. கேன்டீன் சாம்பார் என்றாள். அந்த சாம்பாரை நானும் சாப்பிட்டிருந்தேன். அதை எழுதினேன், பிறகு அடித்தேன். போன வருஷம் உற்பத்தி வரிசையில் ஒரு செல் வீங்கியிருப்பதாக நான் பட்டனை அழுத்தி வரிசையையே நிறுத்திவிட்டேன். நாற்பது நிமிடம் எல்லோரும் கைகட்டி நின்றார்கள். செல்லில் ஒன்றுமில்லை, விளக்கு வெளிச்சம் பட்டிருந்தது. இன்றும் நான் ஏதாவது சந்தேகம் சொன்னால், "நாப்பது நிமிஷம் வந்துட்டா" என்பார்கள். அதனால் நான் ஒன்றைச் சொல்வதற்கு முன் மூன்று தரம் யோசிப்பேன். மூன்றாவது தரம் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுவேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே எழுந்து எழுதினேன். பெனிக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பத்து மணிக்கு இட்லி வாங்கிவந்தேன். ஒன்றைப் பிட்டுப் பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

"என்னக்கா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. மாத்திரை எடு."

"மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்கு. பதினொண்ணுக்குத்தான்."

"நீ கடியாரத்துக்குப் பொறந்தவ," என்றாள். சொன்னபோது பல் கிட்டித்தது. சித்திரை மாசத்து வெயில் ஜன்னலில் நின்றது, அவள் போர்வைக்குள் நடுங்கினாள்.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். வலி மாத்திரைக் கட்டத்தில் புதன் இரவு முதல் நாளுக்கு மூன்று தரம் டிக் இருந்தது. சோர்வு என்று ஓரத்தில் பென்சிலால் குறித்த இடங்கள் எல்லாம், அடுத்த மாத்திரைக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தன. மாத்திரை போட்டதும் தெளிந்திருக்கிறாள். வலிக்குப் போடும் அதே மாத்திரைதான் காய்ச்சலையும் இறக்கும் என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை இங்கே கொண்டுவந்து வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவள் மணிக்கட்டைத் தொட்டேன். கை சில்லென்று இருந்தது. காப்பு பச்சை. நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

சுவரில் ஒட்டிய கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் நாடியை எண்ணினேன். நூற்று ஆறு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். நூற்று எட்டு.

"என்னட்டி, விரலை எடுக்க மாட்டியா?"

"இருக்கா."

நூற்று எட்டுக்கு ஏன் பச்சை? என் கையில் இருந்த காப்பைப் பார்த்தேன். ஐந்து நாளாக நான் டீயில்லாமல், மூச்சடக்கி, படிக்குப் படி நின்று காப்பாற்றிய பச்சை. அவளுடைய காப்புக்கு என் சாதாரண ஓட்டமே அதிகமாகத் தெரிந்தது. அப்படியென்றால் என் காப்புக்கு அவளுடைய அதிக ஓட்டம் சாதாரணமாகத் தெரியும். ஐம்பத்தாறில் ஓடவேண்டிய நெஞ்சு நூற்று எட்டில் ஓடுகிறது, காப்போ அமுதினி என்கிற அணில் கொஞ்சம் வேகமாக நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஓர் இயந்திரத்துக்குச் சரிசெய்த அளவியை இன்னொன்றில் மாட்டக்கூடாது என்பது எங்கள் வகுப்பின் முதல் பாடம். தேர்வில் அதற்கு எனக்கு முழு மதிப்பெண்.

மஞ்சள் தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். ஹபீபா சிஸ்டரே எடுத்தார். பெயர் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது.

"காப்பு பச்சைதான் சிஸ்டர். ஆனா..."

"காப்பை விடு. அவ என்ன சொல்றா?"

நான் நோட்டைப் பார்த்தேன். ஐந்து கட்டங்களில் ஒன்றிலும் அது இல்லை. போனைப் பெனிக்காவின் வாயருகே வைத்தேன்.

"அடிவயிறு வலிக்கி சிஸ்டர்," என்றாள், குரல் இறங்கி. "தொட்டாலே வலிக்கி. வாடையும் அடிக்கி. நேத்துலேருந்து."

நேற்றிலிருந்து. எனக்கு அது முதல் செய்தி.

"கிளம்புங்க," என்றார் சிஸ்டர். "இங்க வேணாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராப் போங்க. நான் மகப்பேறு வார்டுக்குச் சொல்லி வைக்கிறேன். நடக்க வைக்காதே, ஆட்டோவுல போ."

விடுதி வாசலைத் தாண்டுவது எளிதாக இருந்தது. இரண்டு பச்சைகளையும் பார்த்துக் கதவு திறந்துகொண்டது. ஆட்டோவில் அவள் தலை என் தோளில் கிடந்தது. "குலுக்காம ஓட்டுங்கண்ணா," என்று நான் மூன்று தரம் சொன்னேன். நான்காவது தரம் அவர், "ரோடு அப்படிம்மா," என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூண் இருந்தது. வருகிறவர்களின் கையை அது வாசித்து, நிறத்தைப் பார்த்து வரிசை எண் கொடுக்கும். பெனிக்கா அதன் முன்னால் நின்றதும் பலகையில் எழுத்து வந்தது. 'அமுதினி. பச்சை. வரிசை 61.'

தூணுக்குப் பக்கத்தில் நின்ற ஊழியர் அக்காவிடம், "இவங்களுக்கு ரொம்ப முடியல, உள்ள விடுங்க," என்றேன்.

"எல்லாருக்கும் முடியாமத்தான் வராங்க பாப்பா. பச்சைக்கு ரெண்டு, ரெண்டரை ஆகும். அங்க உக்காருங்க."

"மகப்பேறு வார்டுல சொல்லி வச்சிருக்காங்க."

அவர் திரையைத் தட்டிப் பார்த்தார். "பெனிட்டான்னு ஒரு பேர் இருக்கு. இவங்க அமுதினி."

மணி பதினொன்றே முக்கால். பெனிக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். முகத்தில் நிறமே இல்லை. காப்பைக் குளியல் நேரத்துக்கு வெளியே கழற்ற ஒரே வழிதான் உண்டு. ஓரத்தில் சிவப்பாக ஒரு நாக்கு இருக்கும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்த நொடியே கம்பெனிக்குத் தெரிந்துவிடும். சரியான கையில் கட்டியதும் நிறம் மாறும், கிளாட்வின் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். நான் செய்யப்போவதை அவள் என் முகத்திலேயே பார்த்துவிட்டாள்.

"வேண்டாம் அணிலு. உன் வேலை போயிரும்."

"போகட்டும்க்கா."

"உன் கிளாஸு?"

"அதுவும்."

"கொஞ்சம் இருந்து பாப்போம். எனக்கு இப்ப தேவலை."

அவள் என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்த ஒரே தடவை அது என்று அப்போது நினைத்தேன். என் மனதுக்குள்ளும் ஒரு குரல், நாற்பது நிமிடம், நாற்பது நிமிடம் என்றது. தப்பாக இருந்தால்? வெறும் வயிற்றுப்போக்காக இருந்தால்? இரண்டு பேரின் வேலையும், அவள் இத்தனை பாடுபட்டு மறைத்ததும் ஒரு சந்தேகத்துக்காகப் போகும். வழக்கம்போல மூன்று தரம் யோசித்தேன். மூன்றாவது தரத்தில் அவள் கண் சொருகியது.

இரண்டு நாக்குகளையும் இழுத்தேன். அவள் காப்பை அவள் கையில் கட்டி, எழுப்பி, என் மேல் சாய்த்துக்கொண்டு மறுபடி தூணின் முன்னால் நின்றேன். சிவப்பு வர நான்கு நிமிடமாவது ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

'பெனிட்டா. சிவப்பு.'

அந்த ஊழியர் அக்கா என்னைப் பார்த்தார், எங்கள் இரண்டு கைகளையும் பார்த்தார். "ஸ்ட்ரெச்சர்," என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். என் வயதை விடக் கொஞ்சம்தான் அதிகமிருக்கும். "உள்ளே கொஞ்சம் தங்கியிருந்தது. அதுல கிருமி பிடிச்சிருக்கு. சுத்தம் பண்ணிட்டோம், ஊசி மருந்து ஏறுது. சரியாயிரும்," என்றார்.

"நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா டாக்டர்?"

"மாத்திரை போட்டதுல தப்பில்ல. நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு இப்படி ஆகும், அது யார் தப்பும் இல்ல. தப்பு எதுன்னா, லேட்டா வர்றது. நாளைக்கு வந்திருந்தா நான் இப்படி நின்னு பேசிட்டு இருக்க மாட்டேன்." என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "இதுல நாடி எல்லாம் எழுதியிருக்கியாமே. கொடு, பாக்குறேன்." இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "மாத்திரை நேரத்தையும் சோர்வையும் சேர்த்துப் பாத்தது நல்லது," என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அடுத்த வாரம் நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். விசாரணை நடந்தது. விசாரணை அறைக்கு வெளியே எங்கள் மாடிப் பெண்கள் முப்பது பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். தாங்களும் மாற்றியதுண்டு, எல்லோரையும் நிறுத்துங்கள் என்றார்கள். முப்பது பேரை ஒரே நாளில் நிறுத்தினால் வரிசை ஓடாது. எங்கள் இரண்டு பேரையும் ஆறு மாதம் அட்டைப்பெட்டி மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். காப்பு மாற்றுவது நின்றுவிடவில்லை. இப்போது முதலில், "உன் சீட்டுல எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். மஞ்சள் தாளை யாரோ கையால் படியெடுத்துக் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லேன்னாலும் வரணும் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு. அந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. ஞாயிறு மாலைக்காக.

பன்னிரண்டு மணி வாக்கில் சிவப்பு எரிந்தது. செய்தி அந்த நிமிடமே தூத்துக்குடிக்குப் போயிருக்கும். கிளாட்வின் அண்ணன் அழைப்பார், நான் என்ன சொல்வது என்று மதியம் முழுக்க வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதி எழுதி அடித்தேன். பெனிக்காவின் போன் என் மடியில் இருந்தது. அது அடிக்கவே இல்லை. என் போன் ஆட்டோவிலேயே சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. ஐந்து மணிக்கு ஓர் ஆயாவிடம் சார்ஜர் வாங்கிச் சுவரில் மாட்டினேன்.

உயிர் வந்ததும் ஒரு செய்தி வந்து நின்றது. கம்பெனியிலிருந்து, 11.58க்கு அனுப்பியது.

'உங்கள் அக்கா பெனிட்டாவின் காப்பு சிவப்பு நிலையில் உள்ளது. பதிவில் உள்ள உறவு: தங்கை. வீட்டு எண் மாற்றப்பட்டது: இன்று காலை 6.10.'

இரண்டு தரம் படித்தேன். உள்ளே போனேன். அவள் விழித்திருந்தாள். கையில் ஊசிக்குழாய், உதடு வெடித்திருந்தது, கண் மட்டும் பழைய கண்.

"இத எப்பக்கா மாத்துன?" என்று போனைக் காட்டினேன்.

"அதான் போட்டிருக்கே. காலையில."

"அப்பவே முடியலையா?"

"விடியக்காலையே தெரிஞ்சிது. இது சாம்பார் இல்லன்னு." கொஞ்சம் நிறுத்தினாள். பேசினால் இழுக்கிறது போலும். "சொன்னா நீ காப்பைக் கழட்டிருவ. உன் வேலை போயிரும். சொல்லாம இருந்து ஏதாச்சும் ஆச்சுன்னா, அண்ணனுக்கு முந்தி உனக்குத் தெரியணும்னு இருந்துச்சு. அதான் போன்லயே மாத்துனேன். உறவுன்னு கேட்டுச்சு. தங்கைன்னு போட்டேன். தப்பாட்டி?"

அவள் தூங்கட்டும் என்று நானும், என் வேலை போகக்கூடாது என்று அவளும் ஒரே அறையில் நாலு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். அதுவரை இரண்டு பேர் கையிலும் பச்சை எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

"பசிக்கி," என்றாள். "பன் கிடைக்குமா பாரு. ரெண்டா வாங்கு. நீ டீ குடி மொதல்ல. அஞ்சு நாளாச்சு."

"சரிக்கா."

"ஓடாதட்டி, மெதுவாப் போ."

"இப்ப எங்கிட்ட உன் காப்பு இல்லையே, ஓடலாம்."

போவதற்கு முன் நோட்டைத் திறந்து ஐந்து கட்டங்களுக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஒரு கோடு கிழித்தேன். அதன் தலையில் 'அவள் சொன்னது' என்று எழுதினேன். பசிக்கி, என்று முதல் வரி. பிறகு பக்கத்தின் மேலே, அந்த நாளின் முதல் குறிப்பைப் பார்த்தேன்.

'6.10. பெனிக்கா தூங்குகிறாள். நிறம் பச்சை.'

அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மேலே சிறிதாக எழுதினேன்.

'6.10. விழித்திருந்தாள்.'